4×4 முதல் 7×7 வரை: பெரிய கியூப் கற்றுக்கொள்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக்கத்துக்கு மூன்று அடுக்கு உள்ள 3×3 ரூபிக் கியூபை எப்படியோ முடிக்கத் தெரிந்துவிட்டது, அடுத்து பெரியதை எடுத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலான கேள்விகள் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் சாயங்காலம் கியூபும் கையுமாக வந்து உட்காரும் பிள்ளைகள் கேட்டவை. சில, அவர்களைக் கூப்பிட்டுப் போக வரும் பெற்றோர் கேட்டவை. மிச்சம் நானே முப்பத்தைந்து வயதில் கற்றுக்கொண்டபோது கேட்க ஆள் கிடைக்காமல் முழித்தவை.

3×3 சரியாக வராமலே 4×4 எடுக்கலாமா?

வேண்டாம். பெரிய கியூபில் கடைசியில் வந்து நிற்கும் கட்டம் 3×3-தான். அதை முடிக்க மூன்று நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் தாளைப் பார்க்காமல் முடிக்க வேண்டும். அரை மணி நேரம் கஷ்டப்பட்டு நடுத்துண்டுகளையும் விளிம்புகளையும் சேர்த்துவிட்டு, கடைசி அடுக்கில் அல்காரிதம் (மனப்பாடமாகச் செய்யும் திருப்ப வரிசை) மறந்துபோய் எல்லாவற்றையும் கலைத்துவிட்டால் அழுகை வரும். பையன்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

குறியீடுகளை எப்படி வாசிப்பது?

3×3-இல் பழகியதுதான். ஆர் வலது முகம், எல் இடது, யு மேல், டி கீழ், எஃப் முன், பி பின். வெறும் எழுத்து வந்தால் அந்த முகத்தை நேராகப் பார்த்தபடி கடிகாரத் திசையில் கால் சுற்று. பிரைம் என்றால் எதிர்த்திசை. 2 என்றால் அரைச் சுற்று. பெரிய கியூபில் கூடுதலாக வருவது 'வைட்': ஆர்-வைட் என்றால் வலது முகத்தோடு அதற்கு உள்ளே ஒட்டிய அடுக்கையும் சேர்த்து இரண்டாகத் திருப்புவது. 'உள் ஆர்' என்று நான் எழுதினால், வெளி அடுக்கைத் தொடாமல் அந்த இரண்டாவது அடுக்கை மட்டும் திருப்ப வேண்டும்.

முதலில் வாங்க வேண்டியது 4×4-ஆ, 5×5-ஆ?

எல்லோரும் 4×4 என்பார்கள். எண் வரிசை அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5×5 வாங்குங்கள். அதில் ஒவ்வொரு முகத்தின் நட்ட நடுவிலும் நகராத ஒரு துண்டு இருக்கிறது. எந்த முகம் எந்த நிறம் என்று அது சொல்லிவிடும். 4×4-இல் அது கிடையாது. அத்துடன், 4×4-இல் கடைசி நேரத்தில் முகத்தில் அடிக்கும் இரண்டு பேரிட்டிகளில் (3×3-இல் வரவே முடியாத சிக்கல் நிலைகளில்) ஒன்று 5×5-இல் வரவே வராது. இன்னொன்று வரும், ஆனால் 3×3 கட்டத்துக்கு முன்பே தலைகாட்டிவிடும். வேலை அதிகம்தான், அதிர்ச்சி குறைவு.

இருந்தாலும் வீட்டில் ஏற்கெனவே 4×4 கிடக்கிறது என்றால் அதிலேயே தொடங்குங்கள். கீழே உள்ள விளக்கங்களை 4×4-ஐ வைத்தே எழுதியிருக்கிறேன், துண்டுகள் குறைவு என்பதால்.

ரிடக்ஷன் முறை என்கிறார்களே, அது என்ன?

பெரிய கியூபை 3×3 ஆகச் சுருக்குவது. 4×4-இல் மொத்தம் 56 துண்டுகள்: 8 கார்னர் (மூலைத்துண்டு), 24 எட்ஜ் (விளிம்புத்துண்டு), 24 சென்டர் (நடுத்துண்டு). ஒவ்வொரு முகத்திலும் நடுவில் உள்ள நான்கு சென்டர்களை ஒரே நிறமாக்கினால் அந்த நான்கும் 3×3-இன் ஒரு நடுத்துண்டு மாதிரி ஆகிவிடும். ஒரே நிறச் சோடியுள்ள இரண்டு எட்ஜ் துண்டுகளை ஒட்டவைத்தால் அவை சேர்ந்து ஒரு எட்ஜ். பன்னிரண்டு சோடியும் சேர்ந்த பிறகு, வெளி அடுக்குகளை மட்டும் திருப்பும்வரை அது ஒரு 3×3 போலவே நடந்துகொள்ளும்.

ஆக வேலை மூன்று கட்டம்: சென்டர், எட்ஜ், 3×3. இதே வரிசை 7×7-க்கும் பொருந்தும். முதல் இரண்டு கட்டங்களுக்கு அல்காரிதம் கிட்டத்தட்ட கிடையாது. யோசித்துச் செய்வதுதான். 3×3-ஐ மனப்பாடமாகக் கற்றவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

சென்டர் சேர்க்கும்போது சேர்த்ததே கலைந்துபோகிறது. என்ன செய்வது?

முதல் இரண்டு சென்டர்கள் யாருக்கும் வந்துவிடும். எதிரெதிர் முகங்களாக எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளையும் மஞ்சளும். சிக்கல் கடைசி இரண்டில். அப்போது நான்கு முகம் முடிந்திருக்கும், எதைத் திருப்பினாலும் ஏதோ ஒன்று கெடும்.

இங்கே ஒரே ஒரு யோசனை போதும்: மேலே ஏற்று, ஒதுக்கு, திரும்பக் கீழே இறக்கு.

மேல் முகமும் முன் முகமும் மட்டும் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மேலே வர வேண்டியது நீலம். மேல் முகத்தில் வலப்பக்கம் நீலத்தில் இரண்டு துண்டு செங்குத்தாக நிற்கிறது. முன் முகத்திலும் வலப்பக்கம் ஒரு நீலப் பட்டை நிற்கிறது. இப்போது ஆர்-வைட் திருப்புங்கள். முன்னால் இருந்த நீலப் பட்டை மேலே ஏறும், மேலே இருந்த நீலப் பட்டை பின்னால் போய்விடும். பதற வேண்டாம். யு2 போடுங்கள். ஏறிவந்த பட்டை இடப்பக்கம் ஒதுங்கிவிடும், அங்கே இருந்த வேண்டாத பட்டை வலப்பக்கம் வந்து நிற்கும். இனி ஆர்-வைட் பிரைம். வேண்டாத பட்டை முன் முகத்துக்கு இறங்கும், பின்னால் போன நீலம் திரும்பி வந்து தன் இடத்தில் உட்காரும். பின் முகமும் கீழ் முகமும் பழையபடி ஆகிவிடும். மூன்றே திருப்பம்.

இதைப் பத்து முறை மெதுவாகச் செய்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் போன பட்டை எங்கே இருக்கிறது என்று கியூபைச் சாய்த்துப் பாருங்கள். 7×7 சென்டர்களையும் இந்த ஒரே யோசனையால்தான் முடிக்கிறோம், பட்டையின் நீளம்தான் மாறும்.

சென்டர்கள் எல்லாம் முடிந்தன, எட்ஜும் முடிந்தது, ஆனால் ஒரு கார்னர் எங்கேயும் பொருந்தவில்லை. கியூப் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு நம்மிடம்தான். 4×4-இலும் 6×6-இலும் நகராத நடுத்துண்டு இல்லாததால் சென்டர்களை எந்த முகத்திலும் கட்டிவிட முடியும். சிவப்பையும் ஆரஞ்சையும் இடம் மாற்றிக் கட்டினாலும் கியூப் எதிர்ப்புத் தெரிவிக்காது. கடைசியில் கார்னர் வைக்கும்போதுதான் குட்டு உடையும். என் முதல் 4×4-இல் இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போனது. கடைக்காரர் தவறான ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டார் என்று மனைவியிடம் சத்தியம் செய்தேன்.

வழக்கமான நிற அமைப்பு இது: வெள்ளைக்கு எதிரே மஞ்சள், பச்சைக்கு எதிரே நீலம், சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. வெள்ளையை மேலேயும் பச்சையை முன்னாலேயும் வைத்துப் பிடித்தால் வலப்பக்கம் சிவப்பு. சந்தேகம் வந்தால் ஒரு கார்னரைப் பாருங்கள். கார்னரின் மூன்று நிறங்களும் எந்தச் சுற்றில் வருகின்றன என்பது மாறவே மாறாது.

எட்ஜ் சோடி சேர்ப்பதை ஒருமுறை படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். ஒரே நிறச் சோடியுள்ள இரண்டு எட்ஜ் துண்டுகளைத் தேடி எடுங்கள், உதாரணமாகச் சிவப்பு–பச்சை. ஒன்றை முன் முகத்தின் இடது ஓரத்துக்கும் மற்றொன்றை வலது ஓரத்துக்கும் கொண்டுவாருங்கள். வெளி அடுக்குகளை மட்டும் திருப்பினால் போதும், சென்டர்கள் கெடாது.

இப்போது ஒரு சோதனை. இரண்டு துண்டுகளிலும் முன்பக்கம் தெரியும் நிறம் என்ன? வெவ்வேறு நிறம் என்றால் ஒன்று மேல் வரிசையிலும் மற்றொன்று கீழ் வரிசையிலும் இருக்கும். யு-வைட் அல்லது யு-வைட் பிரைம் போட்டால் மேலே இருப்பது நகர்ந்து மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். எது மேலே இருக்கிறதோ அதற்கேற்ற திசை.

முன்னால் ஒரே நிறம் தெரிந்தால் இரண்டும் ஒரே வரிசையில் இருக்கின்றன என்று பொருள். எத்தனை முறை அடுக்கைத் திருப்பினாலும் சேராது. ஒன்றைத் தலைகீழாக்க வேண்டும். வலது ஓரத்தில் உள்ள எட்ஜை அதே இடத்தில் புரட்ட இந்த ஏழு திருப்பம்: ஆர், யு, ஆர் பிரைம், எஃப், ஆர் பிரைம், எஃப் பிரைம், ஆர். பெரிய கியூபில் முதலில் கை மனப்பாடமாக வேண்டியது இதுதான்.

சேர்ந்ததும், வைட் அடுக்கைத் திருப்பியதால் சென்டர்கள் கோணலாகி நிற்கும். உடனே திருப்பி வைக்காதீர்கள்! வைத்தால் சோடி பிரிந்துவிடும். சேர்ந்த சோடியை மேலேயோ கீழேயோ எடுத்துவிட்டு, அதன் இடத்தில் இன்னும் சேராத ஒரு எட்ஜை வைத்த பிறகு திருப்புங்கள். வலது ஓரத்தில் சோடி சேர்ந்திருந்தால் மேலே சொன்ன அதே ஏழு திருப்பம் இங்கே உதவாது. அது அதே எட்ஜைத்தான் புரட்டும். ஆர், யு, ஆர் பிரைம் போதும், சோடி மேலே போய்விடும், மேலிருந்து வேறு எட்ஜ் அந்த இடத்துக்கு வரும். மேலிருந்து வருவது ஏற்கெனவே சேர்ந்த சோடியாக இருந்துவிடக் கூடாது, அதை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள்.

கடைசி இரண்டு எட்ஜ் மட்டும் மிஞ்சினால் மாற்றிவைக்க வேறு எட்ஜ் இருக்காது. அப்போதுதான் திருப்பு, புரட்டு, திரும்பு: யு-வைட் பிரைம், மேலே சொன்ன ஏழு, பிறகு யு-வைட். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடும். முதல்முறை பார்க்கும்போது மாயவித்தை மாதிரி இருக்கும்.

பேரிட்டி ஏன் வருகிறது? என் தவறா?

உங்கள் தவறு இல்லை. 3×3-இல் ஒரே ஒரு எட்ஜ் மட்டும் தலைகீழாக நிற்பது சாத்தியமே இல்லை. 4×4-இல் கடைசி அடுக்குக்கு வந்ததும் அது நடக்கும். கலைத்த விதத்தைப் பொறுத்து ஏறக்குறைய இரண்டுக்கு ஒருமுறை.

காரணம் இது. உள் அடுக்கு ஒன்றைக் கால் சுற்று திருப்பினால் நான்கு எட்ஜ் துண்டுகள் வட்டமாக இடம் மாறுகின்றன. நான்கு துண்டுகளை வட்டமாக மாற்றுவது, இரண்டிரண்டாக இடம் மாற்றுவதை மூன்று முறை செய்ததற்குச் சமம். மூன்று ஒற்றைப்படை. வெளி அடுக்கைத் திருப்பும்போது எட்டு எட்ஜ் துண்டுகள் நகர்கின்றன, அது ஆறு மாற்றம், இரட்டைப்படை. ஆகவே கலைத்தபோதும் நீங்கள் சேர்த்தபோதும் உள் அடுக்கு மொத்தம் எத்தனை கால் சுற்று சுற்றியது என்பது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான் கேள்வி. சென்டர்களைக் கட்டும்போது அந்தக் கணக்கை யாரும் வைத்திருப்பதில்லை. ஒற்றையாகிப்போனால் கடைசியில் ஒரு சோடி தலைகீழாக நிற்கும்.

சரிசெய்ய எப்படியும் உள் அடுக்கை ஒற்றைப்படை முறை திருப்பியே ஆக வேண்டும், கட்டியதும் கெடக்கூடாது. அதனால்தான் அல்காரிதம் நீளம்:

ஆர்-வைட், யு2, எக்ஸ், ஆர்-வைட், யு2, ஆர்-வைட், யு2, ஆர்-வைட் பிரைம், யு2, எல்-வைட், யு2, ஆர்-வைட் பிரைம், யு2, ஆர்-வைட், யு2, ஆர்-வைட் பிரைம், யு2, ஆர்-வைட் பிரைம்.

எக்ஸ் என்றால் முன் முகம் மேலே வரும்படி கியூபையே ஒருமுறை சாய்ப்பது. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் கவனியுங்கள், ஒவ்வொரு வைட் திருப்பத்துக்கும் அடுத்து யு2 தானாக வருகிறது, கடைசி ஒன்றைத் தவிர. அதை விட்டுவிட்டால் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: ஆர், சாய், ஆர், ஆர், பிரைம், எல், பிரைம், ஆர், பிரைம், பிரைம். இதை நாங்கள் மொட்டைமாடியில் வாய்ப்பாடு மாதிரி சத்தமாகச் சொல்லித்தான் பழகினோம். மூன்று நாளில் பத்து வயதுப் பிள்ளைக்குக் கை மனப்பாடம் ஆகிவிட்டது, எனக்கு இரண்டு வாரம். எந்தக் கோணத்தில் பிடித்துச் செய்தாலும் பேரிட்டி போய்விடும்.

இரண்டாவது பேரிட்டி இதற்கும் பிறகு வரும். எல்லாம் சரியாகி, இரண்டு எட்ஜ்கள் மட்டும் இடம் மாறியோ, இரண்டு கார்னர்கள் மட்டும் இடம் மாறியோ நிற்கும். இதுவும் 3×3-இல் நடக்காதது. மருந்து குட்டையானது: உள் ஆர்2, யு2, உள் ஆர்2, யு-வைட்2, உள் ஆர்2, யு-வைட்2. பிறகு மேல் அடுக்கைச் சரியாகத் திருப்பிக்கொண்டு வழக்கமான கடைசி அல்காரிதத்தைத் தொடருங்கள்.

பேரிட்டியே வராத முறை எதுவும் இல்லையா?

இருக்கிறது, கூண்டு முறை என்பார்கள். கார்னர்களையும் எட்ஜ்களையும் முதலில் முடித்துவிட்டு, கூண்டுக்குள் அடைப்பதுபோலச் சென்டர்களைக் கடைசியில் போடுவது. எட்ஜ் ஒற்றை இரட்டைக் கணக்கை ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்வதால் பின்னால் வம்பு இல்லை. ஆனால் சென்டர்களை மூன்று மூன்றாகச் சுழற்ற வேண்டும், நேரம் பிடிக்கும். ரசித்துச் செய்யலாம், போட்டிக்கு ஆகாது.

யாவ் முறைக்கு எப்போது மாறலாம்?

ரிடக்ஷனில் 4×4-ஐ நின்று யோசிக்காமல் முடிக்க வந்த பிறகு. ராபர்ட் யாவ் என்பவர் 2009-இல் வகுத்த முறை இது, இன்று 4×4-இல் வேகமாகப் போடுபவர்களில் பெரும்பாலோர் இதையோ இதன் கிளைகளையோதான் பயன்படுத்துகிறார்கள். வரிசையில் ஒரு சின்ன மாற்றம்: முதலில் எதிரெதிர் சென்டர் இரண்டு. உடனே வெள்ளைச் சிலுவையின், அதாவது வெள்ளை முகத்தில் கூட்டல் குறி போல அமையும் நான்கு எட்ஜ்களில், மூன்று எட்ஜ்கள். பிறகு மிச்ச நான்கு சென்டர்கள். அப்புறம் நான்காவது சிலுவை எட்ஜ், கடைசியாக மற்ற எட்டு எட்ஜ்கள்.

லாபம் என்ன? 3×3 கட்டம் தொடங்கும்போதே சிலுவை தயார். அதைவிடப் பெரிய லாபம் கண்ணுக்கு. எட்ஜ்களைத் தேடும்போது முடிந்த நான்கு கீழே போய்விட்டதால் பார்க்க வேண்டிய இடம் குறைந்துவிடும். மூன்று எட்ஜ் முடிந்து ஒரு இடம் காலியாக இருப்பதும் வேண்டுமென்றேதான். அந்தக் காலி இடம் வழியாகத்தான் நடுச் சென்டர்களைச் சிலுவை கெடாமல் திருப்ப முடிகிறது. சிலுவை முகத்தை இடது கையில் வைத்துப் பிடியுங்கள், வலப்பக்கமும் மேல்பக்கமும் மட்டும் சுழலட்டும்.

ஹோயா என்று இன்னொரு முறையும் உண்டு. நான்கு சென்டர், சிலுவை, கடைசி இரண்டு சென்டர் என்று போகும். எனக்கு அது ஒத்துவரவில்லை, 5×5-இல் சிலர் அதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

5×5-இல் புதிதாக என்ன கற்க வேண்டும்?

இரண்டு விஷயம். சென்டர் இப்போது 3×3 சதுரம், ஒன்பது துண்டு. துண்டு துண்டாகக் கொண்டுபோகாமல் மூன்று துண்டுப் பட்டையாகக் கட்டி ஏற்றுங்கள். நகராத நடுத்துண்டு உள்ள பட்டையை முதலில் முடித்து, இரு பக்கமும் இரண்டு பட்டை. ஒரு எச்சரிக்கை: மூலையில் இருக்கும் சென்டர் துண்டு மூலைக்கேதான் வரும், பக்கத்தில் இருப்பது பக்கத்துக்கேதான் வரும். மூலைத் துண்டைப் பக்கத்தில் வைக்க முயன்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு.

எட்ஜில் இப்போது மூன்று துண்டு: நடுவில் ஒன்று, இரு பக்கமும் சிறகு மாதிரி இரண்டு. நடுத்துண்டை வைத்துச் சிறகுகளைத் தேடுங்கள். பழகிய பிறகு ஃப்ரீஸ்லைஸ் என்ற முறைக்குப் போகலாம். நடு அடுக்குகளை இஷ்டத்துக்குத் திருப்பிக்கொண்டே போவது, சேர்ந்த எட்ஜை மேலேயோ கீழேயோ ஒதுக்குவது, சென்டர்கள் கோணலாக நிற்பதைக் கண்டுகொள்ளாமல் எட்டு எட்ஜ் வரை முடித்துவிட்டு அப்புறம் ஒரேயடியாக நேராக்குவது. கோணலான கியூபைப் பார்த்துக்கொண்டே வேலைசெய்ய மனம் ஒப்பாது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

பேரிட்டி வந்தால் கடைசி எட்ஜில் தெரியும். இரண்டு சிறகும் நடுத்துண்டுக்குத் தலைகீழாக நிற்கும்.

6×6, 7×7 என்பதெல்லாம் வெறும் பொறுமைதானா?

பாதி பொறுமை. மீதி, எங்கே நேரம் போகிறது என்று தெரிந்துகொள்வது. 4×4-இன் 56 துண்டுகளில் 24 சென்டர்கள், பாதிக்கும் குறைவு. 5×5-இல் 98-இல் 54. 6×6-இல் 152-இல் 96. 7×7-இல் 218 துண்டுகளில் 150 சென்டர்கள்! அதாவது 7×7 என்பது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சென்டர் வேலை. அதில் உங்கள் 3×3 வேகத்தைக் கூட்ட உழைப்பது, சாப்பாடு ஆறிக்கிடக்க ஊறுகாயைச் சூடுபடுத்துவது மாதிரி.

முறை மாறுவதில்லை. 7×7-இல் ஐந்து துண்டுப் பட்டைகள், எட்ஜில் ஐந்து துண்டுகள். 6×6-க்கு 4×4-இன் குணம்: நகராத நடுத்துண்டு இல்லை, இரண்டு பேரிட்டியும் உண்டு. 7×7-க்கு 5×5-இன் குணம். இதனால்தான் 6×6-ஐவிட 7×7 நிம்மதி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி.

7×7-இன் உருவத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சில மாதிரிகளில் முகம் தலையணை போல உப்பியிருக்கும், தட்டையான மாதிரிகளில் ஓர அடுக்கு மற்றவற்றைவிட அகலமாக இருக்கும். அழகுக்காக அல்ல. எல்லா அடுக்கும் ஒரே அகலமாக இருந்தால், முகத்தை 45 பாகை திருப்பும்போது கார்னர் துண்டு முழுதும் கியூபின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும், பிடித்துக்கொள்ள உள்ளே ஒன்றும் இருக்காது. கணக்குப் போட்டால் 6 வரை தப்பிக்கலாம், 7-இல் முடியாது. ஹங்கேரியின் எர்னோ ரூபிக் 3×3-ஐச் செய்தது 1974-இல். 4×4-உம் 5×5-உம் எண்பதுகளில் வந்துவிட்டன. 6-உம் 7-உம் கடைக்கு வர 2008 ஆனது. கிரேக்கத்தின் பனாயோடிஸ் வெர்டெஸ் உள் பொறியமைப்பை வேறு விதமாக யோசித்த பிறகுதான் அது நடந்தது.

எத்தனை அல்காரிதம் மனப்பாடம் செய்ய வேண்டும்?

3×3-க்கு ஏற்கெனவே தெரிந்தது போக, தொடங்க மூன்று: எட்ஜ் புரட்டும் ஏழு, இரண்டு பேரிட்டி. 5×5-க்குப் போனால் கடைசி எட்ஜுக்காக ஒன்று. அவ்வளவுதான். இருபது வேண்டும் என்று யாராவது பட்டியல் நீட்டினால் வாங்கி மடித்துப் பையில் வையுங்கள்.

வேகம் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. எப்படிப் பயிற்சி செய்வது?

ஃபோனை எதிரே நிறுத்தி ஒரு முழு 'சால்வ்', அதாவது கலைந்த கியூபைத் தொடக்கம் முதல் முடிவு வரை சேர்ப்பதைப் படம் எடுங்கள். பிறகு கை நின்றிருந்த நேரத்தை மட்டும் கூட்டுங்கள். என் 5×5-ஐ இப்படிப் பார்த்தபோது ஆறு நிமிடச் சால்வில் இரண்டரை நிமிடம் கியூப் சும்மா கையில் இருந்தது, நான் ஒரு சிறகைத் தேடிக்கொண்டிருந்தேன். விரல் வேகத்தைக் கூட்ட மாதக்கணக்கில் உழைத்தவனுக்கு அது பெரிய அவமானம்.

அதற்கு மருந்து, மெதுவாகத் திருப்புவது. வேண்டுமென்றே பாதி வேகத்தில், ஆனால் நிற்காமல். இப்போது சேர்க்கும் சோடி கையில் இருக்கும்போதே கண் அடுத்த துண்டைத் தேட வேண்டும். கை மெதுவாக இருந்தால்தான் கண்ணுக்கு அவகாசம் கிடைக்கும். சிலர் மெட்ரோனோம் செயலியை வைத்துக்கொண்டு ஒரு டிக்குக்கு ஒரு திருப்பம் என்று செய்கிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் தலைவலி, பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு தாளத்துக்குத் திருப்புவேன்.

இன்னொன்று: முழுச் சால்வையே திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். 7×7-ஐ ஒருமுறை முடிக்க இருபது நிமிடம் ஆகும் என்றால், கடைசி இரண்டு சென்டரை ஒரு நாளில் மூன்று முறைதான் பார்ப்பீர்கள். அதற்குப் பதில் அந்தக் கட்டத்தை மட்டும் கலைத்து அரை மணி நேரம் போடுங்கள். கட்டத்துக்குக் கட்டம் நேரத்தைத் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் எதைப் பிடிக்க வேண்டும் என்று தானே தெரிந்துவிடும்.

எந்தக் கியூப் நல்லது? விலை உயர்ந்ததுதான் வேண்டுமா?

காந்தம் வைத்தது வாங்குங்கள். பெரிய கியூபில் அடுக்கு அரைகுறையாக நின்றால் அடுத்த திருப்பம் மாட்டிக்கொள்ளும். காந்தம் அடுக்கைச் சரியான இடத்தில் இழுத்து நிறுத்தும். மற்றபடி நடுத்தர விலையே தாராளம். பொம்மைக் கடையில் கிடைக்கும் இறுக்கமான 5×5-ஐ மட்டும் வேண்டாம். கட்டைவிரல் வீங்கிவிடும், குழந்தைக்கு ஆசையே போய்விடும். சிலிகான் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும், அந்தக் கியூபில் எறும்பு குடியேறியது.

போட்டிகளில் பெரிய கியூபுக்கு விதி என்ன?

2004-இல் தொடங்கிய உலக கியூப் சங்கம்தான் அதிகாரபூர்வப் போட்டிகளை நடத்துகிறது, சென்னையிலும் நடக்கின்றன. 2×2 முதல் 7×7 வரை தனித்தனிப் பிரிவு. தொடங்கும் முன் பார்த்துக்கொள்ள 15 நொடி தருவார்கள். 4×4, 5×5-க்கு ஐந்து முயற்சி, மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் நீக்கிவிட்டு மற்ற மூன்றின் சராசரி. 6×6, 7×7-க்கு மூன்றே முயற்சி, மூன்றின் சராசரி, எதையும் நீக்க மாட்டார்கள். ஒன்று சொதப்பினால் போச்சு. பெரும்பாலும் நேர வரம்பு இருக்கும், பதிவு செய்யும் முன் அதைப் பாருங்கள்.

கலைப்பவர்களுக்கும் ஒரு கும்பிடு போடுங்கள். 5×5-ஐக் கலைக்க 60 திருப்பம், 6×6-க்கு 80, 7×7-க்கு 100, ஒன்றுகூடத் தவறாமல். 2022-இல் அமெரிக்காவின் மேக்ஸ் பார்க் 6×6-ஐ 59.74 நொடியில் முடித்தார், போட்டியில் ஒரு நிமிடத்துக்குள் அதை முடித்த முதல் ஆள் அவர்.

7×7 கலைந்தால் தற்செயலாகச் சேர வாய்ப்பு உண்டா?

3×3-இன் நிலைகளின் எண்ணிக்கையை எழுத 20 இலக்கம் வேண்டும். 4×4-க்கு 46, 5×5-க்கு 75, 7×7-க்கு 161 இலக்கம். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கியூப் கையிலேயே வெடித்துத் துண்டுகள் சிதறிவிட்டன. கண்டபடி மாட்டலாமா?

மாட்டும்போதே சேர்ந்த நிலையில் மாட்டுவதுதான் நல்லது. அவசரத்தில் கண்டபடி மாட்டினால் 3×3-இல் 12-க்கு ஒரு வாய்ப்புதான் அது மறுபடி தீர்க்கக்கூடியதாக இருக்க. 5×5-க்கும் அதே 12-க்கு ஒன்று. ஆனால் 4×4 இந்த விஷயத்தில் தங்கம், மூன்றுக்கு ஒன்று தேறும். எட்ஜ் துண்டுகளை எப்படி இடம் மாற்றி மாட்டினாலும் பேரிட்டி அல்காரிதம் பார்த்துக்கொள்ளும். கடைசியில் ஒரு கார்னர் மட்டும் முறுக்கி நின்றால், அதை மெதுவாகக் கையால் இடத்திலேயே திருப்பிவிடுங்கள். அதற்கு அல்காரிதம் தேடாதீர்கள், கிடையாது.